நீலப் பூவுக்கு உப்புப் போட்டவன்

மகன்,

முதலில் சலாம். நலம்தானா என்று கேட்டு எழுதும் அளவுக்கு நமக்குள் தூரமில்லை. நீ முன் அறையில் படுத்திருக்கிறாய். நான் பின்னால் கருவாட்டுக் கொட்டிலில் மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். நடுவே இருபது அடி முற்றம்தான். ஒரு மாதமாக அந்த முற்றத்தை நீ என் பக்கமாகத் தாண்டவில்லை. நான் எதைக் கேட்டாலும் "ஓம் வாப்பா", "இல்ல வாப்பா" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒன்றும் விழுவதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை உனக்குக் கலியாணக் காவின் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. காவின் முடிந்த கையோடு, நம் பக்கத்து வழக்கப்படி, நீ நிந்தவூருக்கு உன் பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவாய். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நீ விருந்தாளி. விருந்தாளியாகிவிட்டவனிடம் சொல்ல முடியாத ஒரு விசயம் என்னிடம் இருக்கிறது. வாயால் சொல்ல வந்தால் ஏசத் தொடங்கிவிடுவேன். அது உனக்கும் தெரியும், உன் உம்மாவுக்கும் தெரியும், பக்கத்து வளவுக்காரருக்கும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். இதிலும் ஏசுவேன். பொறுத்துக்கொண்டு கடைசிவரை வாசி.

உன்னுடைய அந்தப் பூவிலிருந்தே தொடங்குகிறேன். இருபத்தைந்து வருடமாக நான் அப்புத்தளைக்குக் கருவாடு கொண்டுபோகிறேன். பொத்துவில், மொனராகலை, வெல்லவாய என்று லொறியில் முதுகு முறிந்து ஏறி, கருவாட்டை இறக்கிவிட்டு, கோவா, கரட் என்று மலைக் காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்குகிறவன் நான். அந்த மலைச் சரிவுப் புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் நீலமாக ஏதோ பூத்துக் கிடக்கும். நான் அதன்மேல் கால் வைத்து நடந்திருக்கிறேன். லொறி சூடேறி நின்றபோது அதன்மேல் உட்கார்ந்து பாணும் சம்பலும் தின்றிருக்கிறேன். சிங்களவர் அதைப் பினர என்கிறார்கள் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்றுகூட நான் நினைத்ததில்லை. மாடு தின்னாத புல்லுக்குப் பெயர் எதற்கு? தலையில் வைக்க முடியாது, பறித்த மறுநாளே சுருண்டுவிடும். கறிக்கும் ஆகாது. அதைத் தேடித்தான் ஒரு வெள்ளைக்காரத் துரை, தேயிலைத் தோட்டத்தை விற்ற பிறகும் ஊருக்குப் போகாமல், பங்களாவை மட்டும் வைத்துக்கொண்டு மலை மலையாக அலைந்துகொண்டிருந்தார். சுதந்திரம் கிடைத்து இத்தனை வருடமாகிறது. போகிறவன் போக வேண்டியதுதானே. அந்த பங்களாவுக்குக் கட்டாக் கருவாடு கொடுக்க உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன் பார், அது என் முதல் மடத்தனம்.

நான் சமையற்காரரோடு விலை பேசி முடிப்பதற்குள் நீ துரையின் விறாந்தையில் நின்றாய். விறாந்தை நிறையப் பழைய பேப்பர். ஒவ்வொரு பேப்பருக்குள்ளும் ஒரு செடி. மலைத் தூறலில் எல்லாம் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப் போயிருந்தது. நீ உனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் என்னவோ சொன்னாய். பிறகுதான் விளங்கியது. பாரத்தைக் குறையுங்கள், காலையும் மாலையும் பேப்பரை மாற்றுங்கள், பனி விழுமுன் உள்ளே எடுங்கள், கனத்த தண்டைக் கீறிவிடுங்கள் என்று நம் கருவாட்டுப் பாடத்தை நீ துரைக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாய். துரை அன்றைக்கே உன்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிய பிள்ளை, அட்டாளைச்சேனையில் படித்து வாத்தியாராக வருவான் என்று நான் ஊரில் சொல்லித் திரிகிறேன். நீ மலையில் பூக் காயப்போடும் உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டாய். உன் மகன் எங்கே என்று பள்ளிவாசலில் யார் கேட்டாலும், கவர்ன்மென்ட் வேலையாக மலைநாட்டில் இருக்கிறான் என்று பொய் சொன்னேன். மீனையாவது தின்னலாம். காய்ந்த பூவை என்ன செய்வது?

நோன்புப் பெருநாளைக்கு வந்தபோது நீ சாப்பாட்டு நேரத்தில் உம்மாவுக்கு விளக்கம் சொன்னாய். "இதுவும் ஒரு குடி உம்மா. நம்மட ஊர்க் குடி மாதிரி. ஒரு குடிக்குள்ள ஆறேழு வகை இரிக்கி. சிலது வெளிறின நீலம், சிலது கடும் நீலம். எல்லாத்துக்கும் நடுவுல மஞ்சள். வருசா வருசம் அதே வேருல துளிர்க்கிற வகையும் இரிக்கி." நான் சோற்றில் கை வைத்தபடியே கேட்டேன்: "நம்மட ஆக்கள் குடி கேக்கிறது ஒரே குடிக்குள்ள கலியாணம் முடிக்கப்படாது எண்டதுக்காக. உன்ட பூவுக்கு மாப்பிள்ள பாக்கப் போறாயா?" உம்மா சிரித்தாள். நீயும் சிரித்தாய், ஆனால் அதன் பிறகு பூவைப் பற்றி என் முன்னால் வாய் திறக்கவில்லை. நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். நான் இருக்கும்போது ஒருவர் வாயை மூடிக்கொண்டால் அது எனக்கு வெற்றி என்று நினைத்தே இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். நீ இந்தப் பழக்கத்தைப் பெண்டாட்டி வீட்டுக்குக் கொண்டுபோகாதே. சீதனத்தோடு சேர்த்து அவர்கள் இதையும் தாங்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். கலியாணம் முடித்த புதிதில் பண்டாரவளையில் உன் உம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கினேன். பச்சை நிறம், ஓரத்தில் பூ வேலை. இந்தக் கடற்கரையில் கச்சான் காற்று அனலாக வீசும்போது கம்பளி போர்த்துகிறவள் யார்? அங்கே குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றவனுக்கு இது நினைவில் வரவில்லை. அவள் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது எனக்கெண்டு வாங்கினதா?" என்று ஆசையாகத்தான் கேட்டாள். நான் முட்டாளாகிவிட்டேன் என்று உடனே விளங்கிவிட்டது. "ஆரோ தோட்டத்துக்காரன் சும்மா தந்தான், சாக்குக்குப் பதிலா கிடக்கட்டும்" என்றேன். அவள் முகம் போன போக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. மடத்தனத்தை மறைக்க ஆசையையும் சேர்த்து மறைத்தேன். இருபத்துநாலு வருடமாக அவளிடம் அதைத் திருத்திச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய ஆள் உன் வாப்பா.

இனிப் போன மாதத்துக்கு வருகிறேன். துரை ஒருவழியாகச் சீமைக்குப் போக முடிவெடுத்தார். இரண்டு வருடமாகச் சேர்த்த பூக்களோடு இந்த வருடத்துப் பூவையும் கொண்டுபோக வேண்டும். போகுமுன் அரசாங்கப் பூந்தோட்டத்தில் உன்னைச் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் தருவதாக உனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் மலையில் விடாத தூறல், எல்லாம் மறுபடியும் ஈரம் பிடிக்கத் தொடங்கியது. நீதான் வழி சொன்னாய்: எங்கள் ஊரில் இப்போது கச்சான் வீசுகிறது, ஒரு கிழமை வைத்தால் அப்பளம்போல் காய்ந்துவிடும் என்று. மூன்று மரப்பெட்டிகளை லொறியில் ஏற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "வாப்பா, காத்துப் படுற இடத்துல வெச்சு, காலையிலயும் அஸர் தொழுகைக்குப் பிறகும் பேப்பர மாத்துங்க. வேற ஒண்டும் செய்ய வேணாம். உங்களுக்குத் தெரியாத வேலையா?" அப்படிக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். என்னை நம்பி நீ ஒரு வேலை தந்தது அதுதான் முதல் தரம். "போடா, சருகு காக்க வந்தவன் நான்" என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினேன்.

மூன்று நாள் நீ சொன்னபடி செய்தேன். நாலாம் நாள் கச்சான் நின்றுபோனது. வானம் மூடி, காற்று அசையாமல், கடலே வியர்த்ததுபோல் ஊர் முழுக்கப் புழுங்கியது. கொட்டிலில் கிடந்த சூடை மீனும் நெத்தலியும் மணக்கத் தொடங்கின. நான் உன் பெட்டிகளைத் திறந்து, தாள் தாளாகப் பிரித்து, ஒவ்வொரு பூவின்மேலும் உப்புத் தூவினேன். ஏன் செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அந்தக் காரணத்துக்குக் கடைசியில் வருகிறேன். உப்பு இரண்டு நாளில் புழுக்கத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு கசிந்தது. பேப்பர் பேப்பரோடு ஒட்டியது. நீலம் போய்த் தேயிலைச் சக்கை நிறமாகியது. மூன்று பெட்டியும் அப்படியே.

நீ வந்து முதல் பெட்டியைத் திறந்தாய். ஒரு தாளை உரித்துப் பார்த்தாய், பிறகு இன்னொன்றை. விரலில் பட்டதை நாக்கில் வைத்துப் பார்த்தாய். சத்தம் போடுவாய் என்று எதிர்பார்த்தேன். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அன்றைக்கே எல்லாம் தீர்ந்திருக்கும். நீ மெதுவாகத்தான் கேட்டாய்: "வாப்பா, இத வேணுமெண்டா செஞ்சீங்க?" உன்னை மலையிலிருந்து இறக்கவும், நீ பிடிகொடுக்காமலிருந்த நிந்தவூர்க் கலியாணத்துக்குச் சம்மதிக்க வைக்கவும் நான் உன் இரண்டு வருட உழைப்பைக் கெடுத்தேனா என்று கேட்டாய். அப்படி ஒரு சந்தேகம் உனக்கு வந்தது நியாயம்தான். இரண்டு வருடமாக அந்தப் பூவைக் காறித் துப்பியவன் நான். ஆனால் அப்போது எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஓம்! வேணுமெண்டுதான் செஞ்சன். இப்ப என்ன செய்யப் போறாய்?" என்றேன். நீ பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனாய், மூன்றாம் நாள் துணிப்பெட்டியோடு திரும்பி வந்தாய், "உம்மா, நிந்தவூருக்கு ஓமெண்டு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாய்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தக் கிழமை முழுக்க நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்றேன். மாமனார் வீட்டு நெல்மில்லில் உன்னை உட்கார வைப்பார்கள், தவிட்டுத் தூசிக்குள் மனிதனாவாய் என்றேன். போன சனிக்கிழமை கருவாட்டோடு அப்புத்தளைக்குப் போனபோது பங்களாச் சமையற்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். "என்னங்க நானா, ஒங்க மகன் இப்புடிப் பண்ணிட்டாரு? வேலை தெரிஞ்ச புள்ள. துரை எவ்வளவோ கேட்டுப் பாத்தாரு. நாந்தான் புத்தியில்லாம உப்புப் போட்டேன்னு ஒரே பேச்சா நின்னுட்டாருங்க" என்றார். நான் தராசைக் கீழே வைத்தேன். வேண்டுமென்றே கெடுத்தவன் என்று நம்பிக்கொண்டே நீ என் பெயரை வெளியே விடவில்லை. அரசாங்க வேலைக்கான கடிதத்தை என் மானத்துக்காக விட்டுவிட்டு வந்திருக்கிறாய். எனக்கு மானம் என்ற ஒன்று இருப்பதாக நீ நினைத்ததை எண்ணி நான் லொறிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அழுது முடித்துவிட்டு நேரே பங்களாவுக்குள் போனேன். உப்புப் போட்டது மகன் இல்லை, நான்தான் என்று துரையிடம் சொல்லச் சொன்னேன். சமையற்காரர் சொல்லச் சொல்ல, நான் அழுகிய மீனைப் பார்க்கிற மாதிரி துரை என்னைப் பார்த்தார். நிறையப் பேசினார். சமையற்காரர் பாதியைத்தான் தமிழில் சொன்னார், மீதியை முகத்திலேயே வாசித்துக்கொண்டேன். முழுவதும் எனக்குத் தகுந்த பேச்சு. கடைசியில் அவர் சொன்னது இது: மேல் சரிவில் இன்னும் பதினைந்து நாள் பூ இருக்கும். பையன் உடனே வந்தால் இந்த வருடத்துப் பூவையாவது திரும்பச் சேர்க்கலாம், பங்களாவுக்குள்ளேயே அடுப்பு மூட்டிக் காயவைக்கலாம். மாத முடிவில் அவர் கப்பலேறுகிறார். அதற்குள் வேலை முடிந்தால் உன் கடிதம் உனக்குக் கிடைக்கும். மீன்காரனை மட்டும் படி ஏற விடாதே என்றாராம். சம்மதம் என்றேன்.

ஊருக்கு இறங்கியதும் நிந்தவூருக்குப் போனேன். காவினைப் பதினைந்து நாள் தள்ளிவைக்க வேண்டும், காரணம் என் முட்டாள்தனம் என்று உன் மாமனாராகப் போகிறவரிடம் சொன்னேன். அவர் பாயிலிருந்து எழும்பிவிட்டார். "என்ன காக்கா கதைக்கிறீங்க? ஊரெல்லாம் சொல்லியாச்சு, கிடாய் கொண்டுவந்து கட்டியாச்சு. ஒரு பூவுக்காகக் காவின நிப்பாட்டினதெண்டா என்ட மூஞ்சிய எங்க கொண்டு வெக்கிற?" என்று கத்தினார். போன மாதம் நானும் இதையேதான் கத்தியிருப்பேன், அதனால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திரைக்குப் பின்னாலிருந்து பெண்ணின் உம்மா பேசினாள். "பதினஞ்சு நாள் பிந்தினா கிடாய் கிழடாயிருமா? வீடு என்ட புள்ளட பேருல இரிக்கி, அது எங்கயும் ஓடாது. மாப்பிள்ள போய் வேலைய முடிச்சிட்டு வரட்டும். கடிதம் கிடைச்சா மலைக்குப் போறதா, இஞ்ச இரிக்கிறதா எண்டத அவங்க ரெண்டு பேரும் கதைச்சிக்குவாங்க." உன் மாமனார் மறுபடி உட்கார்ந்தார். நீ போகிற வீட்டில் யார் பேச்சு நிற்கும் என்பதை இப்போதே தெரிந்துகொள், உனக்கு நல்லது. நம் பள்ளிவாசலிலும் நானே சொல்லிவிட்டேன். பள்ளி நிருவாகத்து மரைக்காயர் என்னைப் பார்த்துச் சிரித்தார், பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள்.

நீ போவாயா மாட்டாயா என்பது இனி உன் விருப்பம். விடியற்காலை பஸ் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நான் கத்திய அந்த "ஓம்" என்ற சொல்லோடு நீ போகக் கூடாது, மகன். அது பொய். மூன்று நாளும் பேப்பர் மாற்றினேன் என்றேனே, முதல் நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மாற்றினேன். இரண்டாம் நாள் ஒரு பூவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காய்ந்த பிறகும் அந்த நீலம் அப்படியே நின்றது. நம் கடலில் எந்த மாதத்திலும் அந்த நீலத்தை நான் கண்டதில்லை. இருபத்தைந்து வருடம் அதை மிதித்து நடந்திருக்கிறேன். மூன்றாம் நாள் மாற்ற வேண்டிய நேரத்துக்கு முன்பே கொட்டிலுக்குப் போய், ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டதும் திருடன்போல் பெட்டியை மூடினேன். மறுநாள் காற்று நின்றதும் பயந்துவிட்டேன். இது கெட்டுப்போய்விடும், என் கையில் கெட்டுப்போய்விடும் என்று பயந்தேன். கெடாமல் வைக்க எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நீ கேட்டபோது இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கெட்டவன் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, பூவைப் பார்த்து மயங்கிய முட்டாள் என்று நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தேன்.

நான் விற்கிற மீனுக்குப் போடுவது சாக்கில் கிடக்கும் கறுத்த கல்லுப்பு. வீட்டுக்கென்று, உங்களுக்கென்று எடுத்துவைக்கும் அறக்குளா மீனுக்கு மட்டும் உம்மா இடித்துச் சலித்துவைத்திருக்கும் வெள்ளை உப்பு. உன் பூக்களுக்கு நான் போட்டது அந்த வெள்ளை உப்பு.

உன் வாப்பா.